சர்க்கார் செலவில் தொழிற்படிப்பு



வைகாசி பாதி ஓடிவிட்டது. மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா, எந்தத் தேதியில் திறப்பார்கள் என்கிற பேச்சுதான் இப்போது டீக்கடையில் நடந்து கொண்டிருக்கும். நானும் வழக்கமாக இந்தச் சமயத்தில் நாற்றங்கால், விதை நேர்த்தி, அசோஸ்பைரில்லம் என்று ஆரம்பித்துவிடுவேன். இன்றைக்கு அதையெல்லாம் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, பத்தாவது எழுதிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற உங்கள் பிள்ளையைப் பற்றிப் பேசப் போகிறேன். நாற்றுவிடும் பருவமும், தொழிற்பயிற்சி நிலையங்களில் ஆள் சேர்க்கிற பருவமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்கின்றன. வயலில் வேலை நெருக்குகிறபோது விண்ணப்பத் தேதி நம் கையை விட்டுப் போய்விடுகிறது. அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

முதலில் நம் ஊர்க் கஷ்டம் ஒன்றைச் சொல்கிறேன். அதைக் கேட்டால் நான் எதற்கு வருகிறேன் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

என் சரகத்தில் ஒரு கிராமம். போர் தண்ணீரை நம்பி முன்பட்டக் குறுவை வைத்தார் ஒருவர். நட்டுப் பன்னிரண்டாம் நாள், மின்சாரம் ஏறி இறங்கியதில் ஏழரை குதிரைசக்தி மோட்டார் எரிந்துவிட்டது. ஊரில் காயில் கட்டுகிற ஆள் கிடையாது. மோட்டாரைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனால், அங்கே ஏற்கெனவே எட்டு மோட்டார் வரிசையில் நிற்கிறது. "ஐந்து நாள் ஆகும் அண்ணே, பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டான் அந்தப் பையன். அவன் மேல் குற்றமில்லை. இருப்பது இரண்டு கைதானே. ஐந்து நாளில் வயல் வெடித்துப் போயிற்று. பக்கத்துக் கொல்லைக்காரரிடம் தண்ணீர் கேட்டு, அதிலும் வாய்த்தகராறு. காயிலுக்குக் கொடுத்த கூலியைவிட, தூர் கட்டாமல் போன நஷ்டம்தான் பெரிது.

அறுவடை வந்தாலும் இதே கதைதான். கதிர் அறுக்கும் இயந்திரம் சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்து வருகிறது. ஓட்டுகிறவரும் அந்தப் பக்கத்துக்காரர், பழுது பார்க்கிறவரும் அந்தப் பக்கத்துக்காரர். பெல்ட் அறுந்தால் போன் போட்டுக் காத்திருக்க வேண்டும். மேகம் கருத்துக்கொண்டு வரும்போது, இயந்திரம் நடு வயலில் நிற்கும். இத்தனைக்கும் நம் ஊரில் இளவட்டங்களுக்குப் பஞ்சமா? மதகுக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆள் இருக்கிறது, தொழில் தெரிந்த ஆள்தான் இல்லை.

அந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுக்கத்தான் அரசு தொழிற்பயிற்சி நிலையம், நீங்கள் ஐ.டி.ஐ. என்று சொல்கிறீர்களே, அது இருக்கிறது. பலருக்கு அதன் கட்டடம் தெரியும், பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது, அதற்கு யார் பணம் போடுகிறார்கள் என்பது தெரியாது.

இந்தத் திட்டத்தை 1950-ல் மத்திய சர்க்கார் தொடங்கியது. 1956-ல் நிலையங்களை அன்றாடம் நடத்துகிற பொறுப்பு மாநிலங்களுக்கு வந்தது. 1969 ஏப்ரல் முதல் பணப் பொறுப்பும் மாநிலத்திடமே வந்துவிட்டது. பாடத்திட்டம், பரீட்சை, தேசியச் சான்றிதழ் இவை டில்லியின் கையில். கட்டடம், வாத்தியார் சம்பளம், பட்டறைச் சாமான், மின்கட்டணம் இவை பெரும்பாலும் மாநிலத்தின் கையில். வயலைப் போல நினைத்துக் கொள்ளுங்கள். என்ன ரகம், எத்தனை நாள் பயிர் என்று ஒருவர் சொல்கிறார். உழவும் உரமும் களையெடுப்பும் இன்னொருவர் செலவு. மாநில பட்ஜெட்டில் அந்தத் தொகை குறைந்தால், பயிர் மஞ்சளடிக்கிற மாதிரி நிலையமும் மஞ்சளடிக்கும்.

'இதற்கு எதற்குச் சர்க்கார் பணம், படிக்கிறவன் கட்டட்டுமே' என்று சிலர் கேட்கிறார்கள். வெல்டர் படிப்பை எடுத்துக்கொள்வோம். வெல்டிங் என்பது புத்தகத்தைப் படித்து வருகிற வித்தை அல்ல. ராடை எரித்து எரித்துத்தான் கை பழக வேண்டும். முதல் மாதம் பையன் வைக்கிற ஒட்டெல்லாம் கோழி கிளறின குப்பை மேடு மாதிரி இருக்கும். நூறு ராடு எரிந்த பிறகுதான் கோடு நேராக வரும். எலக்ட்ரீஷியன் பையனுக்குச் செப்புக் கம்பி வேண்டும். அதைச் சுற்ற வேண்டும், பிரிக்க வேண்டும், மறுபடி சுற்ற வேண்டும். டர்னருக்கு லேத்து வேண்டும், இரும்புத் துண்டு வேண்டும். டிராக்டர் மெக்கானிக்குக்கு ஒரு டிராக்டரைப் பிரித்துப் போட வேண்டும். இந்தச் செலவை முழுக்கக் கட்டணமாக வாங்கினால் மூன்று மா நிலம் வைத்திருக்கிறவர் தாங்குவாரா? அதனால் ஊர்ப் பொதுப் பணத்திலிருந்து அந்த ராடை வாங்கிக் கொடுக்கிறார்கள். கட்டணத்தை மட்டும் நம்பி நடக்கிற இடங்களில், ராடையும் கம்பியையும் எண்ணி எண்ணிக் கொடுக்கிற ஆசை யாருக்கும் வரும். எல்லாத் தனியாரையும் குறை சொல்லவில்லை. நன்றாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பிரிவில் இருபது அல்லது இருபத்து நாலு இடம். அதில் இருபது பேர் உட்கார்ந்தாலும் ஒன்பது பேர் உட்கார்ந்தாலும், வாத்தியார் சம்பளம் அதேதான், கட்டட வாடை அதேதான், லேத்தின் விலையும் அதேதான். காலியாகக் கிடக்கிற பதினோரு இடத்துக்கும் நீங்கள் உரம் வாங்கும்போதும் டீசல் போடும்போதும் வரியாகப் பணம் கட்டித்தான் இருக்கிறீர்கள். வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று. நம் மடையைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அது கடலுக்குத்தான் போகும். அதுமட்டுமல்ல, ஆண்டாண்டாக ஆள் சேராத பிரிவை எத்தனை நாளைக்கு வைத்திருப்பார்கள்? ஒரு தடவை மூடிவிட்டால் திறப்பது சுலபமல்ல.

சரி, பையனுக்கு என்ன கிடைக்கும்? அரசு நிலையத்தில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. அண்மை ஆண்டுகளின் சேர்க்கை அறிவிப்புகளில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, மிதிவண்டி, பாடப் புத்தகம், வரைபடக் கருவி, சீருடை, மூடுகாலணி, பஸ் பாஸ் எல்லாம் உண்டு என்று போட்டிருக்கிறார்கள். இதற்கு மேல், அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பெண்பிள்ளைகள் மேலே படித்தால் மாதம் 1,000 ரூபாய் என்று 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. ஆண்பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. இரண்டிலும் கல்லூரிப் படிப்போடு ஐ.டி.ஐ. படிப்பையும் சேர்த்தார்கள். இத்தகைய திட்டங்களின் விதி ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். ஆகவே இந்த ஆண்டு யாருக்கு, எவ்வளவு என்பதை நிலையத்து அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் கிடைக்கிற பிள்ளைக்கு மாதம் 1,750 ரூபாய் கணக்கு வரும். பெரிய பணம் இல்லை. ஆனால், 'படிக்கப் போனால் கைச்செலவுக்கு எங்கே போவது' என்கிற கேள்விக்கு அது பதில்.

பணம் எப்போதும் முதல் தேதியில் வந்து விழும் என்று நினைக்காதீர்கள். வங்கிக் கணக்கில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி இருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். "குமார்" என்று ஒரு இடத்தில், "குமரன்" என்று இன்னொரு இடத்தில். இந்தச் சின்ன விஷயத்துக்காக அலைகிற தகப்பன்மாரை நான் நிறையப் பார்க்கிறேன். பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்பே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிராமங்களில் இதைப் பேசினால் எனக்குக் கிடைக்கிற பதில் எப்படியிருக்கும் தெரியுமா?

"ஸார், எம் பையன் கையில ஸ்பேனர் புடிக்கணும்னா நான் ஏன் ஸார் படிக்க வச்சேன்?"

இப்படிக் கேட்டவர் ஒரு பெரியவர். அவரிடம் நான் திருப்பிக் கேட்டேன்: "ஐயா, உங்க மோட்டார் எரிஞ்சப்போ காயில் கட்டுற கடைவாசல்ல யார் நின்னீங்க? நீங்க நின்னீங்களா, அவன் நின்னானா?" சிரித்துவிட்டார். ஆனாலும் அவர் மனம் மாறியதாகச் சொல்ல மாட்டேன். மண்வெட்டி பிடித்துக் கை காய்த்தவருக்கு, மகன் கையாவது வெளுப்பாக இருக்கட்டும் என்று தோன்றுவது இயற்கை. அந்த ஆசையை நான் கேலி செய்யவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாதம் எட்டாயிரத்துக்குக் கணக்கெழுதுவதற்கும், கையில் கிரீஸோடு சொந்தமாகக் கடை வைத்திருப்பதற்கும் எது கௌரவம் என்பதை மட்டும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கலாம்.

இன்னொரு பக்கம், நிலத்தை விற்றுப் படிக்க வைக்கிறவர்கள். ஏதோ ஒரு ஊரில் வாடகைக் கட்டடத்தில் ஒரு பலகை தொங்கும். 'நூறு சதம் வேலை உறுதி' என்று எழுதியிருக்கும். நான் அறிந்த ஒரு குடும்பத்தில், மூன்று மா நிலத்தில் ஒரு மாவை அடமானம் வைத்து அப்படி ஓர் இடத்தில் பணம் கட்டினார்கள். ஒரு வருஷம் கழித்துப் பளபளவென்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு பையன் ஒரு தொழிற்சாலைக்குப் போனான். "இது தேசியச் சான்றிதழ் இல்லையே தம்பி" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடமானம் இன்னும் மீளவில்லை. நிலையம் தனியாருடையதாக இருந்தால், அந்த நிலையத்துக்கு மட்டுமல்ல, உங்கள் பிள்ளை சேருகிற அந்தத் தொழிற்பிரிவுக்கே மத்திய அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரித்தாலும் சொல்லிவிடுவார்கள்.

அரசு நிலையமே ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், நடக்க விட்டுப் பார்க்கிறோம், பாலைக் கறந்து பார்க்கிறோம். பிள்ளையின் இரண்டு வருஷத்தைக் கொடுக்கப் போகிற இடத்தைப் பார்க்க வேண்டாமா? பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். லேத்து ஓடுகிறதா, தூசி படிந்து நிற்கிறதா? அந்தப் பிரிவுக்கு வாத்தியார் இருக்கிறாரா, பணியிடம் காலியா? போன வருஷம் முடித்த பையன்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். நல்ல வாத்தியார் இருந்தால் விரல் விட்டுச் சொல்வார்: இவன் ஓரகடம், இவன் ஒசூர், இவன் மின்வாரியத்தில் பழகுநர், இவன் சொந்தக் கடை என்று. சில நிலையங்களில் பழைய இயந்திரத்தையே வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள் என்பதும் உண்மைதான். அதைச் சரிசெய்ய 2022-ல் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு தமிழக அரசு ஒப்பந்தம் போட்டது. 71 அரசு நிலையங்களை 2,877 கோடி ரூபாய்ச் செலவில் புதுப்பிக்கிற திட்டம் அது. கணினி சொல்கிறபடி ஓடுகிற கடைசல் இயந்திரம், மின்சார வண்டி பழுதுபார்ப்பு, ரோபோ என்றெல்லாம் புதுப் பிரிவுகள் வந்தன. மத்திய அமைச்சரவையும் 2025 மே மாதத்தில் நாடு முழுவதும் ஆயிரம் நிலையங்களை மேம்படுத்த ஐந்தாண்டுக்கு 60,000 கோடி என்று ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் மத்திய அரசு பாதி, மாநிலங்கள் மூன்றில் ஒரு பங்கு, மீதம் தொழில் நிறுவனங்கள். காகிதத்தில் இருக்கிற கோடி, நம் தாலுகா பட்டறைக்கு என்னவாக வந்து இறங்கியிருக்கிறது என்பதைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பார்க்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

எந்தத் தொழில் எடுப்பது? நம் ஊருக்கு வேண்டியது என்று பார்த்தால் எலக்ட்ரீஷியன், டீசல் மெக்கானிக், டிராக்டர் மெக்கானிக், வெல்டர், ஃபிட்டர். எலக்ட்ரீஷியனும் ஃபிட்டரும் இரண்டு வருஷம், பத்தாவது தேறியிருக்க வேண்டும். வெல்டர் ஒரு வருஷம், எட்டாவது போதும். வயர்மேனுக்கும் எட்டாவது போதும், ஆனால் இரண்டு வருஷம். பத்தாவது கணக்கில் தவறிவிட்டான் என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிற பையனுக்கு இதைச் சொல்லுங்கள். வயது நாற்பது வரை ஆண்கள் சேரலாம், பெண்களுக்கு உச்ச வரம்பு இல்லை என்றுதான் தமிழ்நாட்டு அறிவிப்புகளில் வருகிறது. கல்யாணமாகிப் படிப்பை விட்ட மருமகள்கூடச் சேரலாம் என்று அர்த்தம். பெண்பிள்ளைக்குத் தையல்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபிட்டர் பட்டறையில் மைக்ரோமீட்டர் பிடித்து நூலிழை அளவு பார்க்கிற பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பொறுமை எல்லாப் பையன்களுக்கும் வருவதில்லை.

ஐ.டி.ஐ. முடித்தால் அதோடு முட்டுச்சந்து என்பதும் தவறு. பத்தாவது முடித்து இரண்டு வருஷ ஐ.டி.ஐ. தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. அங்கிருந்து பொறியியல் கல்லூரி இரண்டாம் ஆண்டுக்கும் வழி உண்டு. 1961-ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டத்தின்படி தொழிற்சாலையில் சம்பளம் போல ஒரு தொகை வாங்கிக்கொண்டே பழகலாம். நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிற பிள்ளையைப் பொறியியலுக்கோ வேளாண்மைப் பட்டத்துக்கோ அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவற்றில் ஏழரை சத இட ஒதுக்கீடு 2021-ல் சட்டமாகியிருக்கிறது. அப்படிச் சேருகிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் அந்த ஆண்டு அறிவித்தார்கள். படிப்பு வருகிற பிள்ளை அந்த வழியில் போகட்டும். வராத பிள்ளையை அதில் தள்ளி, நிலத்தையும் தள்ளாதீர்கள் என்கிறேன்.

ஒரு விஷயம், தகப்பன்மாருக்கு மட்டும். வருகை எண்பது சதம் இல்லாவிட்டால் தேசியத் தேர்வு எழுத விடமாட்டார்கள். நடவுக்கு இரண்டு நாள், அறுப்புக்கு நாலு நாள், மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரம் என்று பையனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் வருஷக் கடைசியில் எண்பது எங்கே வரும்? ஆள் கூலி மிச்சம் என்று பார்த்து, ஒரு வருஷத்தை இழந்த குடும்பங்கள் என் சரகத்திலேயே இருக்கின்றன.

இதெல்லாம் நம் ஊரில் மட்டும் நடக்கிற சமாசாரமா என்றால், இல்லை. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்று வைத்திருக்கிறார்கள். அங்கே 1901-ல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கிய கல்லூரியைத்தான் முதலாவதாகச் சொல்வார்கள். வீட்டிலிருந்தே போய்வரலாம், இரண்டு வருஷம், வெல்டிங்கும் உண்டு, நர்ஸ் படிப்பும் உண்டு, பண்ணை இயந்திரமும் உண்டு. பணம் மூன்று வாய்க்காலில் வருகிறது. ஒன்று மாநில அரசு. இன்னொன்று அந்த வட்டாரத்து நிலம், வீடுகளின் மேல் போடுகிற வரி. அதாவது அங்குள்ள விவசாயி தன் நிலவரியில் ஒரு பகுதியை நேராகத் தன் ஊர்க் கல்லூரிக்கே கட்டுகிறார். மூன்றாவது மாணவர் கட்டணம். இல்லினாய் மாநிலத்தில் மூன்றும் சம பங்காக இருக்க வேண்டும் என்பதுதான் பழைய எண்ணம். ஆனால் 2015 ஜூலையிலிருந்து 2017 ஜூலை வரை அந்த மாநிலத்தில் ஆளுநருக்கும் சட்டசபைக்கும் ஒத்துப்போகாமல், முழு பட்ஜெட்டே நிறைவேறவில்லை. அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் போல, ஓட்டு வாங்கி வருகிறவர். மாநில வாய்க்கால் ஏறக்குறைய வறண்டுவிட்டது. வரியும் கட்டணமும் இருந்ததால் கல்லூரிகள் செத்துவிடவில்லை. ஆனால் ஆட்களைக் குறைத்தார்கள், பிரிவுகளைக் குறைத்தார்கள். அதே நாட்டில் டென்னசி என்கிற மாநிலம், பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு இரண்டு வருஷக் கல்லூரிக் கட்டணம் கிடையாது என்று 2014-ல் சட்டம் போட்டு, மறு ஆண்டே சேர்த்தது. அதற்குப் பணம் லாட்டரி வருமானத்திலிருந்து. நாம் 2003-லேயே லாட்டரிச் சீட்டைத் தடை செய்துவிட்டோம். அந்த விவாதம் இங்கே வேண்டாம். எங்கேயானாலும், மாநிலத்துப் பணம் நின்றால் முதலில் அடிபடுவது கைத்தொழில் சொல்லிக் கொடுக்கிற பட்டறைதான். வகுப்பறைப் பாடத்தைக் கரும்பலகையை வைத்துச் சமாளித்துவிடலாம். வெல்டிங் ராடை அப்படிச் சமாளிக்க முடியாது.

அந்தச் சமுதாயக் கல்லூரி யோசனை இந்தியாவுக்கு வந்தபோது, 1995-ல் முதலில் தொடங்கியது புதுச்சேரிப் பல்கலைக்கழகம். அதற்கும் முன்னால், 1974-ல், நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையமும் புதுச்சேரியில்தான் வந்தது. நம் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம்தான் அதை நடத்தியது. இப்போது நாடு முழுவதும் எழுநூறுக்கு மேல் இருக்கின்றன. நம் பக்கத்தில் நீடாமங்கலத்திலும், நாகப்பட்டினத்துக்கு அருகே சிக்கலிலும் இருக்கிறது. இவற்றுக்குச் செலவு முழுக்க மத்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் கொடுக்கிறது. காளான், தேனீ, விதை உற்பத்தி, நாற்று இயந்திரம் ஓட்டுவது என்று பயிற்சி வைப்பார்கள். பத்தாவது கிடையாது, வயதும் ஆகிவிட்டது என்கிறவர்கள் இங்கே போகலாம். பட்டம் கேட்க மாட்டார்கள்.

உடனே கைக்கு வேலை வேண்டும், இரண்டு வருஷம் காத்திருக்க முடியாது என்கிற பையனுக்கு இன்னொரு வழி, கிராமப்புறச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம். 1982-ல் கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில், தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கியதைப் பார்த்து, பிறகு நாடு முழுவதும் வைத்தார்கள். மாவட்டத்துக்கு ஒன்று, முன்னோடி வங்கி நடத்தும். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும். பயிற்சி இலவசம், சாப்பாடு இலவசம், தங்குமிடமும் இலவசம். முப்பது நாளில் மோட்டார் காயில் கட்டுவதும் பழுது பார்ப்பதும் சொல்லித் தருகிற பயிற்சி அவர்கள் பட்டியலில் இருக்கிறது. முடித்தபின் வங்கிக் கடனுக்கு வழிகாட்டுவார்கள். முப்பது நாளில் ஐ.டி.ஐ. பையனைப் போல ஆகிவிட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஓர் ஊருக்கு ஒரு பையன் இதைக் கற்றுக்கொண்டு, அரசமரத்தடியில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டாலே, எட்டு மோட்டார் வரிசை நாலாகக் குறையும்.

'பயிற்சி கொடுத்தால் பையன் பட்டணத்துக்குப் போய்விடுவானே, நிலத்தை யார் பார்ப்பது' என்று தாய்மார்கள் கேட்பதும் என் காதில் விழுகிறது. சிலர் போவார்கள். போகட்டும், அங்கிருந்து மாதாமாதம் வருகிற பணம் உரத்துக்கு ஆகும். சிலர் ஐந்தாறு வருஷம் தொழிற்சாலையில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில் இயந்திர வாடகை மையத்துக்கு மானியம் கேட்டு, டிராக்டரும் ரோட்டவேட்டரும் வாங்கி ஓட்டுகிறார்கள். அப்படித் திரும்பி வந்தவர் ஊரில் இயந்திரம் நடு வயலில் நிற்பதில்லை. தொழில் தெரியாமல் பட்டணம் போகிறவன் கட்டடத்தில் சிமெண்டுச் சட்டி தூக்குகிறான். தெரிந்து போகிறவன் கரண்டு இழுக்கிறான். போவது என்று ஆகிவிட்டால், கையில் தொழிலோடு போவது மேல் இல்லையா?

இனி, செய்ய வேண்டியது. விண்ணப்பம் இணையதளம் வழியாகத்தான். கணினி தெரியாவிட்டால் கவலை வேண்டாம். பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யிலேயே உதவி மையம் வைத்திருப்பார்கள், நேராகப் போங்கள். தனியார் கடைக்குப் போய் இருநூறு முந்நூறு என்று கொடுத்துவிட்டு வராதீர்கள். விண்ணப்பக் கட்டணமே சமீப ஆண்டுகளில் ஐம்பது ரூபாய்தான். எட்டாவது அல்லது பத்தாவது மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம், பிள்ளையின் பெயரில் வங்கிப் புத்தகம் இவ்வளவும் ஒரு பையில் போட்டு வைத்துக் கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழைப் பள்ளியில் கேட்டு வாங்கவே சில நாளாகும், அதை முதலில் பாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தப் பட்டறையைப் பார்த்ததும் அவன் கண் நிற்கிறதோ, அந்தத் தொழிலை முதல் விருப்பமாகப் போடச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்ததை நீங்கள் போட்டுவிடாதீர்கள்.

முதல் கலந்தாய்வில் கேட்ட பிரிவு கிடைக்காமல் போனால் திரும்பி வந்துவிடாதீர்கள். மீதமிருக்கிற இடங்களுக்குப் பிறகு நேரடிச் சேர்க்கை என்று அறிவிப்பார்கள். அந்தத் தேதி பெரும்பாலும் நடவு உச்சத்தில் வந்து விழும். நடவு ஒரு நாள் தள்ளிப் போனாலும் பாதகமில்லை. அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு நிலையத்து வாசலில் இருங்கள்.